இணைய மாநாட்டில் பந்தி விசாரிப்பவர் யார்?

2012 ஆகஸ்ட் இறுதியில் ஐசக் புயல் லூசியானா கரையை நெருங்கியபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் கூடவிருந்த அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு கடைசி நேரத்தில் ரத்தானது. நிகழ்ச்சி நிரல் தயாராக இருந்தது. யார் எந்த அமர்வில் யாருடன் பேசுவார் என்பதும் முடிவாகியிருந்தது. ஆட்கள் சந்திப்பது மட்டும் நடக்காமல் போயிற்று. பொருளியலாளர்கள் மூவர் பின்னர் இந்த விபத்தையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மாநாட்டுக்கு வரவிருந்தவர்கள் பிற்பாடு ஒருவரோடொருவர் சேர்ந்து கட்டுரை எழுதும் வாய்ப்பு எவ்வளவு மாறியது என்று, வழக்கம்போல் நடந்த இன்னொரு மாநாட்டோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டார்கள். அது 16 சதவீதம் குறைந்திருந்தது.

மாநாடு எதற்காக நடத்துகிறோம் என்ற கேள்விக்கு இவ்வளவு துல்லியமான விடை எளிதில் கிடைப்பதில்லை. கட்டுரையை வீட்டிலிருந்தே படிக்கலாம். உரையைப் பதிவில் கேட்கலாம். அந்த 16 சதவீதத்தை உண்டாக்கியது தாழ்வாரமும் தேநீர் வரிசையும் சாப்பாட்டு மேசையும்தான். அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் இதை வேறு வழியில் கண்டுகொண்டார். 1980களில் ஓராண்டு பாடுபட்டு அவர் ஒரு மாநாடு நடத்தினார். வந்தவர்கள் மிகவும் விரும்பியது, அவர் எந்த முயற்சியும் எடுக்காத தேநீர் இடைவேளைகளைத்தான். அந்த அனுபவத்திலிருந்து, மாநாடு முழுவதையும் இடைவேளை போலவே அமைக்கும் ‘திறந்தவெளி’ முறையை 1985-ல் தொடங்கினார். முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் கிடையாது. வந்தவர்களே பேசுபொருளைச் சொல்லிக் குழுக்களாகப் பிரிவார்கள்.

கொரோனா தொற்று பரவிய 2020-ல் உலகம் இதற்கு நேரெதிரான காரியத்தைச் செய்தது. மார்ச் தொடக்கத்தில் டென்வரில் 10,000 பேருக்கு மேல் கூடவிருந்த அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் மாநாடு, தொடங்குவதற்கு இரண்டு நாள்கூட இல்லாத நிலையில் கைவிடப்பட்டது. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு 1 கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது. அந்த அவசரத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம், அகப்பட்டது மேடை. உரைகள் திரைக்கு வந்தன. தாழ்வாரத்தை யாரும் எடுத்துவரவில்லை. அது எங்கே இருந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பு அதை யாரும் ஏற்பாடு செய்ததில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இதுவே நடந்தது. பொதுமுடக்க மாதங்களில் இணையவழிப் பன்னாட்டுக் கருத்தரங்குகள் பெருகின. அரங்கத்தில் பழகிய வரிசை அப்படியே திரைக்கு ஏறியது: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. பங்கேற்பாளர் மியூட்டில் இருப்பார், அல்லது யூடியூபில் பார்ப்பார். முடிவில் பின்னூட்டப் படிவம் வரும், அதை நிரப்பினால் மின்சான்றிதழ் வரும். பட்டமளிப்பு விழாவுக்கு இந்த முறை போதுமானதாக இருக்கலாம். ஆனால் கருத்தரங்கு என்று பெயர் வைத்துவிட்டு, வந்தவர் ஒருவரும் இன்னொருவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கலைந்துபோகும்படி நடத்துவதை ஏற்க முடியவில்லை. அந்தப் படிவத்தில் உரை எப்படி இருந்தது, ஒலி தெளிவாக இருந்ததா என்றெல்லாம் கேட்டார்கள். இன்று புதிதாக யாரை அறிந்துகொண்டீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தாலே நடத்துபவர்களின் கவனம் வேறு பக்கம் திரும்பும்.

திரையில் பேச்சு ஏன் இப்படி முடங்குகிறது? இதற்கு அலுப்பு என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதிய கட்டுரை அந்த அலுப்பை நான்காகப் பிரித்துக் காட்டியது: மிக அருகில் நம்மையே உற்று நோக்கும் பல முகங்கள், நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய முடியாமை, தலையசைப்பைக்கூட வலிந்து செய்ய வேண்டியிருக்கும் மனச்சுமை. இவை உண்மை. ஆனால் அலுப்பு தீர்ந்தாலும் சிக்கல் தீராது. ஆழமான காரணங்கள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது தாளம். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும். 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்றது. நேரில் பேசும்போதும் ஜூமில் பேசும்போதும் இந்த இடைவெளியை அளந்த பிந்தைய ஆய்வொன்று, நேரில் 135 மில்லி நொடி என்றும் ஜூமில் 487 மில்லி நொடி என்றும் கண்டது. இதில் இணையம் உண்டாக்கும் தாமதம் சிறு பங்குதான். மிச்சம், தாளம் பிசகியதும் மனம் தயங்குவதால் வருவது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். “நீங்க சொல்லுங்க”, “இல்லை, நீங்க சொல்லுங்க” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிப் பின் இருவரும் அமைதியாகிவிடும் அந்தத் தடுமாற்றம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ராபின் டன்பாரும் அவருடைய கூட்டாளிகளும், தன்னியல்பாகக் கூடிப் பேசும் குழுக்களைக் கவனித்து 1995-ல் எழுதினார்கள்: ஓர் உரையாடல் நான்கு பேர் வரைதான் தாங்கும். ஐந்தாமவர் வந்ததும் அது இரண்டாகப் பிரியத் தொடங்கும். கல்யாண மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தால் அங்கே ஐம்பது அறுபது உரையாடல்கள் ஒரே சமயத்தில் நடக்கும். ஒரு காதில் அடுத்த கூட்டத்தின் பேச்சு விழும், பிடித்திருந்தால் நகர்ந்துபோய் அதில் சேரலாம். காணொலிக் கூட்டத்தில் இருநூறு பேர் இருந்தாலும் ஒரே ஒரு ஒலித்தடம்தான். ஒருவர் பேச 199 பேர் கேட்க வேண்டும். அங்கே கூச்சம் வருவது பங்கேற்பாளரின் குறை ஆகாது. இருநூறு பேர் முன்னால் பேசச் சொன்னால் யாருக்கும் வரும். “எல்லாரும் கேமராவைப் போடுங்கள், பேசுங்கள்” என்று நெறியாளர் எத்தனை முறை கேட்டாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. அதிலும் ஒற்றை அறை வீட்டில் குடும்பத்தோடு இருப்பவரிடம் கேமராவைக் கட்டாயப்படுத்துவது சங்கடத்தைத்தான் கூட்டும்.

இவற்றுக்கு மாற்றாகச் செய்துபார்த்தவை நிறைய. கண்ணை முதலில் கவர்ந்தது இடத்தையே வரைந்துகாட்டும் முறை. 2020-ல் வந்த கேதர் என்ற தளத்தில் பழைய வீடியோ விளையாட்டைப் போல ஒரு வரைபடம் இருக்கும், அதில் நம் சிறு உருவம் நடக்கும். யார் அருகில் போகிறோமோ அவர் முகமும் குரலும் திறக்கும், விலகினால் மங்கும். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த நியூரிப்ஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு மாநாடு தன் சுவரொட்டி அமர்வுகளை இதில் நடத்தியது. ஒரே ஒலித்தடம் என்ற சிறையை இந்த முறை உடைத்தது. ஒரே அறையில் பல உரையாடல்கள் மறுபடி சாத்தியமாயின. சுவரொட்டி அமர்வுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. அங்கே ஒவ்வொரு சுவரொட்டியின் முன்னும் ஒருவர் பேசத் தயாராக நிற்கிறார், அணுகுபவருக்கும் அணுக ஒரு காரணம் இருக்கிறது. வெறும் தோட்டமும் மேசையும் வரைந்து வைத்துவிட்டு “உலாவுங்கள்” என்றால் அது நடப்பதில்லை. அறிமுகமில்லாதவர் அருகில் போய் நிற்க நேரில் இருக்கும் அதே தயக்கம் இங்கும் உண்டு. கைபேசியில் மட்டும் இணையம் உள்ளவர்களுக்கு இத்தகைய தளங்கள் கனமானவை என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஊர்களில் பெரும்பாலானவர்கள் அவர்கள்தான்.

அணுகுவதற்கான காரணத்தை ஏற்பாடு செய்துகொடுப்பது இன்னொரு வழி. நரம்பியல் ஆய்வாளர்கள் 2020 மார்ச் இறுதியில் நடத்திய நியூரோமேட்ச் மாநாட்டில், ஒவ்வொருவரும் தந்த ஆய்வுச் சுருக்கங்களைக் கணினி ஒப்பிட்டுப் பார்த்தது. ஒத்த ஆர்வமுள்ளவர்களை இணைத்து, இருவர் இருவராகத் தலா 15 நிமிடம் பேச நேரமும் குறித்துக் கொடுத்தது. இது இயந்திரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஏற்பாடு செய்த சந்திப்பு பலன் தராது என்று நினைப்பவர்களுக்கு ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் நடந்த ஒரு சோதனை நல்ல மறுமொழி. அங்கே ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் ஆர்வமுள்ளவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல வெவ்வேறு அறைகளில் 90 நிமிடம் சந்திக்க வைத்தார்கள். ஒரே அறையில் இருந்த இருவர் சேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு, வெவ்வேறு அறைகளில் இருந்தவர்களைவிட 75 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது நேரில் நடந்த சந்திப்பு என்பது உண்மை. ஆயினும் தாழ்வாரத்தின் தற்செயலைத் திட்டமிட்டு உண்டாக்க முடியும் என்பதற்கு அது சான்று.

எழுத்துவழி அரட்டையைப் பலர் மட்டமாக மதிக்கிறார்கள். என் பார்வையில் இணைய மாநாடு கண்டெடுத்த மிகச் சிறந்த கருவி அதுதான், ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2020 மே மாதம் வியன்னாவில் கூட முடியாமல் போன ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாடு, காணொலிக்குப் போகாமல் எழுத்து அரட்டையிலேயே அமர்வுகளை நடத்தியது. கட்டுரைகளும் படங்களும் முன்பே ஏற்றப்பட்டிருந்தன. அமர்வு நேரம் முழுவதும் கேள்விக்கும் பதிலுக்கும் போயிற்று. 26,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். எழுத்தில் தாளம் பிசகாது. இருவர் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் இரண்டும் பதியும். ஆங்கிலம் சரளமாக வராத ஆய்வாளர் கேள்வியை இரண்டு முறை திருத்தி எழுதலாம். மின்வெட்டுக்குப் பிறகு திரும்பி வந்தவர் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

பிரசல்ஸில் ஆண்டுதோறும் கூடும் ஃபாஸ்டெம் என்னும் கட்டற்ற மென்பொருள் மாநாடு, 2021 பிப்ரவரியில் முழுக்க இணையத்தில் மேட்ரிக்ஸ் அரட்டைத் தளத்தின்மேல் நடந்தது. 30,000 பேரளவில் வந்தார்கள். அதன் அமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. ஒவ்வொரு உரைக்கும் தனி அறை. உரையும் கேள்வி நேரமும் முடிந்து பொது ஒளிபரப்பு அடுத்த உரைக்கு நகர்ந்ததும், முந்தைய உரையின் அறைக் கதவு எல்லாருக்கும் திறக்கும். பேச்சாளர் அங்கேயே இருப்பார். விருப்பமுள்ளவர்கள் உள்ளே போய்ப் பேச்சைத் தொடரலாம். அரங்கத்தில் உரை முடிந்ததும் பேச்சாளரைச் சூழ்ந்து நாலைந்து பேர் வெளியே நடப்பார்களே, அந்தக் காட்சியை ஃபாஸ்டெம் திரையில் சாத்தியமாக்கியது. “நேரமாகிவிட்டது, அடுத்த பேச்சாளரை அழைக்கிறோம்” என்று நல்ல விவாதத்தைப் பாதியில் வெட்டும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல தீர்வை நான் பார்க்கவில்லை.

இமேக்ஸ் என்னும் எழுத்துத்தொகுப்பானின் பயனர்கள் தன்னார்வலர்களாக நடத்தும் ஆண்டு மாநாடு அளவில் சிறியது, ஆனால் அதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. பெரும்பாலான உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து வாங்கி, தன்னார்வலர்கள் எழுத்து வரிகளும் சேர்த்துவிடுகிறார்கள். உரை ஓடும் நேரத்தில் பேச்சாளருக்கு வேலை இல்லை. ஆகவே அவர் அரட்டையில் உட்கார்ந்து, தன் உரையைக் கேட்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். எல்லாரும் சேர்ந்து எழுதக்கூடிய ஒரு பொதுக் குறிப்பேட்டில் கேள்விகள் சேர்கின்றன. பெயர் போட வேண்டிய கட்டாயமில்லை. பிறகு பிக்புளூபட்டன் என்னும் காணொலித் தளத்தின் அறையில் நேரடிக் கேள்வி நேரம். குரலில் கேட்கக் கூச்சப்படுபவரின் கேள்வியை நெறியாளர் வாசித்துவிடுகிறார். நேரில் ஒருபோதும் முடியாத ஒன்று இங்கே நடக்கிறது: பேச்சாளர் உரையும் நிகழ்த்துகிறார், அதே நேரத்தில் அவையிலும் உட்கார்ந்திருக்கிறார்.

ரோக்லைக் செலிபிரேஷன் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர் கூட்டம் 2020-ல் இணையத்துக்கு மாறியபோது, அரட்டையையே அறைகள் கொண்ட ஒரு பழைய எழுத்து விளையாட்டைப் போல அமைத்துக்கொண்டது. இந்த அறையில் தட்டச்சு செய்வது இந்த அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். பக்கத்து அறைக்கு நடந்தால் அங்கே வேறு பேச்சு. படம் கிடையாது, ஆனாலும் இடம் என்ற உணர்வு உண்டு. ஒருவரைப் பார்த்துக் கையசைக்கலாம். சிறு செலவில் பெரிய பலன் என்று இதைத்தான் சொல்வேன்.

முகம் இல்லாமலே கூடிப் பேச முடியும் என்பதைத் தமிழர்கள் 2021-ல் தாமே கண்டார்கள். அந்த மே மாதம் கிளப்ஹவுஸ் என்னும் குரல் அரட்டைச் செயலி ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு வந்ததும் தமிழ் அறைகள் நள்ளிரவு தாண்டியும் நிரம்பி வழிந்தன. இலக்கியம், திரைப்பட இசை, ஊர்க்கதை, அரசியல் என்று சென்னைக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவரும் ஒரே அறையில் பேசினார்கள். சமைத்துக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. கையுயர்த்தி மேடையேறி இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்கியவர்கள் உண்டு. அந்த வேகம் பின்னர் அடங்கிவிட்டது. அதற்குள் அது ஒன்றைக் காட்டிவிட்டுப் போனது: வாசலில் நின்று “வாங்க, உங்க ஊர் எது?” என்று கேட்க ஒருவர் இருந்த அறைகள் கலகலப்பாக இருந்தன; இல்லாத அறைகள் சிலர் மட்டுமே பேசும் மேடைகளாகிப் போயின.

இங்கேதான் நான் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். நம் கல்யாணங்களில் சாப்பாட்டுப் பந்தியின் ஊடே ஒருவர் நடந்து, இலையைப் பார்த்து, “இந்தப் பக்கம் ரசம் வரவில்லை”, “அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சாதம்” என்று விசாரித்துக்கொண்டே போவார். யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இணைய மாநாட்டில் தொழில்நுட்ப உதவியாளர் இருக்கிறார், நெறியாளர் இருக்கிறார், ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். பந்தி விசாரிக்க மட்டும் ஆள் இல்லை. மேலே சொன்ன வெற்றிகள் பலவற்றிலும் யாரோ ஒருவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்: கேள்வியை வாசித்துக்காட்டியவர், பொருத்தமான துணை கிடைக்க ஏற்பாடு செய்தவர், அறைக் கதவைத் திறந்து வைத்தவர். மென்பொருளுக்குச் செலவிடும் பணத்தில் பாதியை இந்த ஆட்களைப் பயிற்றுவிக்கச் செலவிட்டால் மாநாடு மாறிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர்கள் என்ன செய்ய வேண்டும்? பிரேக்அவுட் அறைகளைப் பத்துப் பேருக்கு ஒன்று என்று பிரிப்பதை விட்டு, நான்கு பேருக்கு ஒன்று என்று பிரிக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறு வேலை தரலாம்: இன்றைய உரையில் உடன்படாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வாருங்கள் என்பது போல. ஏழு நிமிடம் கொடுத்தால் பெயர் சொல்லி முடிப்பதற்குள் அறை மூடிவிடும். இருபது நிமிடமாவது வேண்டும். அதே நால்வர் மறுநாளும் சந்தித்தால் இன்னும் நல்லது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஜிட்சி காணொலித் தளத்தில் வாராவாரம் கூடுவது போன்ற சிறு கூடல்களின் பலம் இந்தத் தொடர்ச்சிதான். ஒரே நாளில் எழுபது கட்டுரை வாசிக்கும் மாநாட்டில் அது வராது.

முதல் கேள்வியை யார் கேட்கிறார் என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும். பத்து நாடுகளின் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்கள் பெண்களைவிட இரண்டரை மடங்கு கூடுதலாகக் கேள்வி கேட்கிறார்கள் என்றும், முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட அமர்வுகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது என்றும் கண்டது. இணையத்தில் கையுயர்த்தியவர்களின் வரிசை நெறியாளர் கையில் இருக்கிறது. முதல் வாய்ப்பை ஒரு மாணவிக்கு, ஒரு புதியவருக்குத் தருவது ஒரு சொடுக்கில் ஆகிற காரியம். மூத்த பேராசிரியர்கள் சற்றுக் காத்திருக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, பழையபடி அரங்கத்துக்கே போய்விடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலும் உண்மை உண்டு. ஐந்து நாடுகளில், இந்தியாவிலும், பொறியாளர்களை வைத்து நடந்து 2022-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, காணொலியில் பேசும் இணைகளுக்குப் புதிய யோசனைகள் குறைவாகவே தோன்றுகின்றன என்றது. இருக்கும் யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை. ஆக, நேரில் கூடுவதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாரால் கூட முடிகிறது? ஐ.சி.எல்.ஆர். என்னும் செயற்கை நுண்ணறிவு மாநாடு 2020-ல் அடிஸ் அபாபாவில் நடக்கவிருந்தது. வட அமெரிக்காவில் நடக்கும் மாநாடுகளுக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கு விசா மறுக்கப்பட்டு வந்தது அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம். மாநாடு இணையத்துக்கு மாறியதும், முந்தைய ஆண்டின் 2,700 பேர் 5,600 ஆனார்கள். ஏறத்தாழ 90 நாடுகளிலிருந்து வந்தார்கள். உலகின் இருபுறத்தாரும் விழித்திருக்கும் நேரத்தில் சந்திக்கும்படி ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு நேரங்கள் ஒதுக்கப்பட்டன. விமானப் பயணத்தின் கணக்கும் இருக்கிறது: 2019-ல் சான் பிரான்சிஸ்கோவில் 28,000 பேர் கூடிய அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஒரே மாநாட்டுக்கான பயணங்கள் ஏறக்குறைய 80,000 டன் கார்பன் டை ஆக்ஸைடுக்கு இணையான உமிழ்வை உண்டாக்கின. கைக்குழந்தையோடு இருக்கும் ஆய்வு மாணவிக்கும், பயணப்படி கிடைக்காத அரசுக் கல்லூரி ஆசிரியருக்கும், விசா கிடைக்காத யாழ்ப்பாணத்து ஆய்வாளருக்கும் திறந்த கதவை மறுபடி சாத்துவது நியாயமாகாது.

பாதிப் பேர் அரங்கிலும் பாதிப் பேர் திரையிலும் இருக்கும் கலப்பு மாநாடு பெரும்பாலும் திரையில் இருப்பவரை வேடிக்கை பார்ப்பவராக ஆக்கிவிடுகிறது. அதற்கு மேலான வழி தொற்றுக்கு முன்பே செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2018 ஜூலையில் இசை உளவியல் ஆய்வாளர்களின் பன்னாட்டு மாநாடு கிராட்ஸ், மாண்ட்ரியால், லா பிளாட்டா, சிட்னி ஆகிய நான்கு நகரங்களில் ஒரே சமயத்தில் கூடியது. அவரவர் அருகிலுள்ள மையத்துக்குப் போனார்கள். மையங்கள் திரைவழி இணைந்தன. எங்கும் நேரில் கூடியவர்கள் இருந்தார்கள். ஒருவரும் இரண்டாந்தரப் பங்கேற்பாளர் ஆகவில்லை.

தமிழ் ஆய்வுலகத்துக்கு இது வெகுவாகப் பொருந்தும். 1997-ல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூர், கொலோன், பிலடெல்பியா, சிதம்பரம் என்று ஊர் மாறி ஊர் கூடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மற்ற ஊர்க்காரர்கள் பலர் வர முடியாமல் போயிருப்பார்கள். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ என்று நான்கு மையங்கள் வைத்துக்கொள்வோம். கோடைக் காலத்தில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 6 மணி என்றால் டொராண்டோவில் காலை 8.30, சிங்கப்பூரில் இரவு 8.30. அதிலிருந்து இரண்டு மணி நேரம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். உரைகளை ஒரு வாரம் முன்பே பதிவாக அனுப்பிவிட்டு அந்த நேரத்தை முழுக்க நால்வர் குழுக்களின் பேச்சுக்குக் கொடுக்கலாம், ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மையத்தாராவது இருக்கும்படி. மீதி நேரம் அந்தந்த ஊரில் தேநீரும் சாப்பாடுமாக நடக்கும். மையம் எதுவும் இல்லாத ஊரிலிருந்து கைபேசி வழியாகத் தனியாக வருபவர்களின் பட்டியலை மட்டும் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். யார் எந்தக் குழுவில் சேர்கிறார்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, அந்தக் குழுவின் மற்ற மூவர் பெயரையும் அவர் சொல்லிவிட வேண்டும்.